என் பெயர் ஒட்டிய பெட்டி

1

நான் சிங்கப்பூரில் வந்திறங்கி இந்த ஆவணியோடு முப்பத்தாறு ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதை நினைவில் வைத்திருந்த வகுப்புத் தோழர் ஒருவர், நம் துறையின் பழைய மாணவர் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டிருந்தார். கல்லூரியில் கற்ற புள்ளியியல் அயல்நாட்டில் எவ்வாறு பயன்பட்டது என்பதை எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எழுதினேன். நான்கு பக்கங்கள் வந்தன. பணியாற்றிய தொழிற்சாலைகள், குறைத்த கழிவுகள், பெற்ற பாராட்டுகள் அனைத்தும் அதில் இடம்பெற்றிருந்தன. மறுநாள் படித்துப் பார்த்தபோது அதில் ஒரு தோல்விகூட இல்லை என்பதைக் கவனித்தேன். வேறு எவரேனும் அப்படி ஓர் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்திருந்தால் முதல் பக்கத்திலேயே ஐயுற்றிருப்பேன். ஆகவே அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஐயுறுவது என் தொழில். தரக் கட்டுப்பாட்டுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊதியம் பெற்றதே அதற்காகத்தான். ஓய்வுபெற்ற பின்னும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இந்த நகரத்தில் கழிப்பறை வாசலில்கூட ஒரு சிறு திரை வைத்திருக்கிறார்கள். தூய்மை எப்படி என்று அது கேட்கும். சிரிக்கும் முகத்தையோ சுளிக்கும் முகத்தையோ தொட வேண்டும். ஒரு வணிக வளாகத்தில், கூட்டித் துடைத்து முடித்த மூதாட்டி ஒருவர் அந்தச் சிரிக்கும் முகத்தை வரிசையாக ஆறு முறை தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் திரையின் எண்களைக் கொண்டு எங்கோ ஓர் அறையில் வரைபடம் தயாரித்துக்கொண்டிருப்பவரை எண்ணித்தான் இரக்கப்பட்டேன்.

வீட்டிலும் நான் இப்படித்தான் என்பது என் மனைவி கமலாவின் குற்றச்சாட்டு. நாங்கள் கிளமெண்டியில் வசிக்கிறோம். எங்கள் ஒரே மகள் சுடர்க்கொடி, கணவருடனும் எட்டு வயது மகள் இனியாவுடனும் பொங்கோலில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து நான்கு மணிக்குப் புறப்படுவார்கள். பேத்தி என் முன்னால் நின்று, “வணக்கம் தாத்தா. நான் நன்றாகப் படிக்கிறேன். எனக்குத் தமிழ் மிகவும் பிடிக்கும்” என்று சொல்வாள். மூன்று வாக்கியங்கள், எல்லா ஞாயிறும் அவையே. பிறகு சோபாவில் அமர்ந்து ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவாள். மகளிடம் அலுவலகம் எப்படி என்று கேட்டால், “நல்லாப் போகுதுப்பா” என்பாள். அதுவும் எல்லா ஞாயிறும் அதே விடைதான். ஏற்ற இறக்கமே இல்லாத அந்த விடை என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கமலாவிடம் சொன்னால், “பெத்த பொண்ணு சொல்றதையும் தராசுல வைப்பீங்களா?” என்று கேட்பாள்.

2

நடந்ததைச் சொல்கிறேன்.

சோமசுந்தரம் என்பவர் லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் மளிகைக் கடை வைத்திருக்கிறார். தந்தையார் காலத்துக் கடை. அதன் மாடியில் அலுவலகம். உட்லண்ட்ஸில், மலேசியாவுக்குச் செல்லும் கடற்பாலத்துக்கு அருகில், ஒரு சிறு ஆலையில் மசாலாத்தூள் அரைத்துப் பொட்டலமிடுகிறார்கள். இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒரு பேரங்காடி நிறுவனம் அவருடைய கறி மசாலாவைத் தன் கிளைகளில் விற்க முன்வந்தது. ஒரே நிபந்தனை, இருநூறு கிராம் பொட்டலத்தின் எடை முறையாகக் கண்காணிக்கப்பட வேண்டும் என்பதுதான். அதற்காகச் சோமசுந்தரம் என்னை ஆலோசகராக அழைத்தார்.

நான் அமைத்த முறை எளிமையானது. நாள்தோறும் முற்பகல் பத்து மணிக்கு ஐந்து பொட்டலங்கள், பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து எடையைத் தாளில் எழுத வேண்டும். ஐந்தின் சராசரியை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். நடுவில் ஒரு கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். புள்ளி எல்லையைத் தாண்டினால் ஆலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். நிறுத்த பொட்டலங்களை, நேரம் குறித்து, வாரத்துக்கு ஒரு பெட்டியாகப் பாதுகாக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் நானே நேரில் நின்று பொட்டலங்களை எடுத்து எல்லைகளைக் கணக்கிட்டேன். அதன்பின் அந்தப் பொறுப்பைச் சரஸ்வதி என்பவரிடம் ஒப்படைத்தேன்.

சரஸ்வதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பாலத்துக்கு அக்கரையில், ஜொகூரில் வீடு. அதிகாலையில் பேருந்தேறிப் பாலம் கடந்து வந்து, மாலையில் அதே வரிசையில் நின்று திரும்பிச் செல்பவர். கணவர் இல்லை. மகள் தாதிப் பயிற்சியில், அதாவது செவிலியர் படிப்பில், இருப்பதாகச் சொல்லியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

மூன்று வாரங்கள் சென்றபின் பேரங்காடியிலிருந்து ஒரு பெட்டிச் சரக்கு திரும்பி வந்தது. பொட்டலங்களில் பல எடை குறைவு. சில நூற்றெண்பத்தெட்டு கிராம்தான் இருந்தன. கூடவே ஒரு படிவமும் வந்தது. தவற்றின் மூல காரணத்தைக் கண்டறிந்து, பத்து வேலைநாட்களுக்குள் தரக் கட்டுப்பாட்டு ஆலோசகரின் கையொப்பத்துடன் திருப்பி அனுப்ப வேண்டும்.

நான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாரங்கள், முப்பத்தாறு புள்ளிகள். ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. தாண்டாதது மட்டுமன்று, எல்லையின் பக்கமே ஒன்றும் போகவில்லை. முப்பத்தாறும் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வரிசையில் நின்றன. நம் துறையினர் இதைப் படித்தவுடனே நிமிர்ந்து உட்கார்வார்கள் என்று அறிவேன். நடுக்கோட்டுக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட பகுதியை மூன்று பட்டைகளாகப் பிரித்தால், இயல்பான ஆலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் புள்ளிகள் முதல் பட்டைக்கு வெளியே விழுந்தே தீரும். எந்த இயந்திரமும் இத்தனை சீராக ஓடாது. எந்த இயற்கையும் நடுங்காமல் இருக்காது. இந்தச் சீர்மை மனிதக் கையால் மட்டுமே வரும்.

நிறுக்காமலே எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

3

அந்த முடிவுக்கு நான் இவ்வளவு விரைவாக வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் நமக்கு ஒரு செய்முறைப் பயிற்சி இருந்தது. ஒரு நாணயத்தை இருநூறு முறை சுண்டி, தலையா பூவா என்பதை வரிசையாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். வகுப்பில் பலர் உண்மையிலேயே சுண்டினார்கள். நான் சுண்டவில்லை. விடுதி அறையில் அமர்ந்து, தலை, பூ, பூ, தலை என்று அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். மொத்தத்தில் தலை தொண்ணூற்றெட்டு வருமாறு பார்த்துக்கொண்டேன். சரியாக நூறு வந்தால் ஐயம் எழுமே என்ற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.

பேராசிரியர் என் பதிவேட்டை ஒரு நிமிடம் பார்த்தார். உண்மையான நாணயம் இருநூறு முறையில் எங்கேனும் தொடர்ந்து ஆறேழு தலைகளைக் கொடுத்துவிடும். பொய் எழுதும் கைக்கு அந்தத் துணிவு வராது. மூன்று தலைகள் எழுதியதுமே பயந்து பூவுக்குத் தாவும். என் பதிவேட்டில் மூன்றுக்கு மேல் எங்குமே தொடர்ச்சி இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உன் காசு ரொம்ப ஒழுக்கமான காசப்பா” என்றார். முழு மதிப்பெண்ணையும் போட்டார். குறைத்திருந்தால் மறந்திருப்பேன்.

பொய் எழுதும் கை எப்படிப் போகும் என்பதை நான் நூலில் மட்டும் படித்தவனல்லன். சரஸ்வதியின் வரைபடத்தில் அதே ஒழுக்கமான காசைக் கண்டேன். அதனால்தான் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

4

படிவத்தில் மூல காரணத்துக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. ஆள், இயந்திரம், பொருள், முறை. ஏதேனும் ஒன்றில் குறியிட்டு விளக்கம் எழுத வேண்டும். நான் ‘ஆள்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். ‘பொறுப்பான ஊழியர் பொட்டலங்களை நிறுக்காமலேயே எடைகளைப் பதிவு செய்துள்ளார்’ என்று எழுதினேன். பெயரைக் குறிப்பிட்டேன். கையொப்பமிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை.

சோமசுந்தரம் அதை இரண்டு முறை படித்தார். சரஸ்வதி அவரிடம் எட்டு ஆண்டுகளாக வேலை செய்பவர்.

“எனக்கு வேற வழியில்ல சார். அவங்க காரணம் கேக்குறாங்க, நீங்க சொல்லிட்டீங்க. பொய்க் கணக்கு எழுதின ஆளை வச்சுக்கிட்டு நான் எப்படி சரக்கு அனுப்புறது?” என்றார்.

அன்று மாலையே சரஸ்வதியை அழைத்துப் பேசியிருக்கிறார். மாத இறுதியோடு வேலை அனுமதி ரத்தாகும் என்று சொல்லியிருக்கிறார். நேர்மைக் குறைவு என்ற காரணத்தோடு அனுப்பப்பட்டால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மறுபடி வேலை கிடைப்பது கடினம். அது சரஸ்வதிக்கும் தெரிந்திருக்கும். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் பேருந்துக்குப் போனாராம். எதிர்த்துப் பேசாததையும் நான் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சோமசுந்தரம் தொலைபேசியில் அழைத்தார். விளக்கத்தோடு சான்று இணைக்க வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதாகச் சொன்னார். புள்ளிகளின் சீர்மையே சான்று என்றேன்.

“அது உங்களுக்குப் புரியும் சார். அவங்களுக்கு ஏதாச்சும் கண்ணால பாக்கற மாதிரி வேணும் லா,” என்று இவ்வூர்ப் பேச்சின் ‘லா’வை இழுத்தார்.

சிக்கல் ஒன்றுமில்லை என்றேன். பாதுகாக்கப்பட்ட பொட்டலங்கள் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை மறுபடி நிறுத்தால் எழுதிய எடைக்கும் உள்ள எடைக்கும் பொருந்தாது. அந்தப் பட்டியலை இணைத்துவிடலாம். திங்கட்கிழமை நானே போய் நிறுத்துத் தருவதாகச் சொன்னேன்.

5

பெட்டிகள் மூன்றும் ஆலையின் உட்புற அறையில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் நான் அச்சிட்டுக் கொடுத்த சீட்டு ஒட்டப்பட்டிருந்தது: ‘கோ. நடராசன், எம்.எஸ்சி. (புள்ளியியல்), தரக் கட்டுப்பாட்டு ஆலோசகர்.’ பெட்டி தவறிப்போகாமலிருக்கத்தான் ஒட்டச் செய்தேன் என்று அப்போது சொல்லியிருப்பேன். பெயரை மட்டும் எழுதினாலும் பெட்டி தவறிப்போயிருக்காது.

முதல் பொட்டலத்தை நிறுத்தேன். தாளில் 200.4. தராசில் 200.4. இரண்டாவது, தாளில் 199.8. தராசிலும் அதுவே. ஐந்து நிறுத்தேன்; பத்து நிறுத்தேன். தராசைச் சந்தேகித்து அளவுக்கல்லை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. தாளைச் சந்தேகித்து, பிறகு மாற்றி எழுதப்பட்டிருக்குமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. பகல் உணவுக்குள் ஒரு பெட்டி முழுவதையும் நிறுத்து முடித்தேன். அறுபது பொட்டலங்களின் எடைகளும் நிறுத்துத்தான் எழுதப்பட்டிருந்தன. எல்லாப் பொட்டலங்களும் தூசி இல்லாமல் துணியால் துடைக்கப்பட்டிருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. வரைபடம் மட்டும் பொய். இப்படி ஒரு நிலையை என் பணிக்காலத்தில் நான் சந்தித்ததில்லை.

சரஸ்வதியை அழைத்து வரச் சொன்னேன். தலையில் வலைத்தொப்பியோடு வந்து, உட்காரச் சொன்ன பின்னும் நின்றுகொண்டிருந்தார். இந்த எடைகளை எப்படி எழுதினார் என்று கேட்டேன்.

“நிறுத்துத்தான் சார் எழுதினேன். ஒண்ணுகூட சும்மா எழுதல.”

“தெரிகிறது. ஆனால் நீங்கள் எடுத்த ஐந்தும் எப்போதும் எப்படிச் சரியாகவே அமைந்தன?”

அவர் என்னை வியப்போடு பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

“எடுத்த அஞ்சு இல்ல சார். பாத்து எடுத்த அஞ்சு. ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்து, இருநூறுக்குக் கிட்ட வர்றத மட்டும் சாருக்கு எடுத்து வைப்பேன். மத்தத திருப்பி லைன்ல போட்டுருவேன்.”

“ஏன் அப்படிச் செய்தீர்கள்?”

“சார் பேரு போட்ட பெட்டி சார். படிச்ச படிப்பெல்லாம் போட்டிருக்கு. அதுல போய் கம்மியா இருக்கறத எப்படி வைக்கிறது? வீட்டுக்குப் பெரியவங்க வந்தா அடிபட்ட பழத்தையா தட்டுல வச்சுக் குடுப்போம்?”

நான் சுவரைப் பார்த்தேன். அங்கே நான் எழுதி ஒட்டிய வழிமுறைத் தாள் இருந்தது. ‘சமவாய்ப்பு முறையில் ஐந்து பொட்டலங்கள் எடுக்கப்பட வேண்டும்.’ சமவாய்ப்பு என்றால் பொறுக்காமல் வந்ததை எடுப்பது. அது என்ன என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததைப் புரிந்துகொண்டதற்கான அடையாளமாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நல்ல பொட்டலம் கிடைக்க எத்தனை நிறுக்க வேண்டியிருக்கும் என்று கேட்டேன்.

“காலையில பத்து பன்னெண்டு போதும் சார். மத்தியானம்தான் கஷ்டம். மழை பேஞ்சா தூள் கட்டி கட்டியா மெஷின் புனல்ல நின்னுக்கும். சில நாள் முப்பது நிறுக்கணும். டீ டைம் பூரா அதுலயே போயிடும் லா. மெஷின்காரர்கிட்ட சொன்னேன். பாக்கறேன்னாரு.”

மழைநாள் பிற்பகலில் பொட்டலங்கள் எடை குறைகின்றன என்பது மூன்று வாரங்களாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல ஐந்தைத் தேட எத்தனை நிறுத்தார் என்பதை எங்கேனும் ஒரு மூலையில் குறித்திருந்தால், நான் வரைந்ததைவிடச் சிறந்த வரைபடம் அதுவாக இருந்திருக்கும். அந்த எண்கள் அத்தனையும் அவர் குடிக்காமல் விட்ட தேநீரோடு போய்விட்டன.

அவர் சொன்னதையும் நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்று எண்ண வேண்டாம். அந்த விளக்கமும் எனக்காகப் பொறுக்கி எடுத்து வைக்கப்பட்டதாக இருக்கலாமே. மூன்று மணி வரை ஆலையிலேயே காத்திருந்தேன். வழக்கம்போல் எடுக்கச் சொல்லிவிட்டு அருகில் நின்றேன். அன்றும் மழை. இருபத்தாறு பொட்டலங்கள் நிறுத்த பிறகு அவருக்கு ஐந்து அமைந்தன. துணியால் துடைத்தார். நேரத்தை எழுதினார். பெட்டியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை இதை ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார்.

“அவரு என்னைக் கேக்கல சார், சொன்னாரு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னாரு. அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது? நீங்க என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

6

செவ்வாய்க்கிழமை காலை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சோமசுந்தரத்தின் மாடி அலுவலகத்தில் படிவம் இன்னும் மேசைமேல் இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. சரஸ்வதி போக வேண்டியதில்லை என்பதில் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பிறகு படிவத்தைப் பார்த்தார்; முகம் மறுபடி சுருங்கியது.

என் பேனாவை எடுத்து, ‘ஆள்’ என்ற கட்டத்திலிருந்த குறியை அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். முப்பது ஆண்டுகளில் நான் கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றில் அடித்து எழுதியது அதுவே முதல் முறை.

சோமசுந்தரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ‘முறை’ன்னு டிக் போட்டா, முறையை எழுதினது யாருன்னு கீழ கேட்டிருக்காங்க, பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றேன்.

“பேசாம ‘இயந்திரம்’னு போட்டுருவோமே. புனல் அடைக்கிறது உண்மைதானே? மெஷினுக்குக் கோவம் வராது சார். சரஸ்வதியும் பொழச்சுக்கும், உங்க பேரும் அடிபடாது.”

அது பொய்யன்று. புனல் அடைப்பதால்தான் எடை குறைந்தது. அந்தக் கட்டத்தின் மேல் என் பேனா சிறிது நேரம் நின்றது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். ‘இயந்திரம்’ என்று குறியிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. கிழித்த நான்கு பக்கங்களையே அனுப்பியிருப்பேன். ஆனால் எடை ஏன் குறைந்தது என்பது ஒரு கேள்வி. மூன்று வாரங்களாக ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்பது வேறு கேள்வி. படிவம் கேட்டது இரண்டாவதை. அதற்கு விடை, என் பெயரும் பட்டமும் ஒட்டிய ஒரு பெட்டி.

‘முறை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். முறையை வகுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பட்டத்தை எழுதவில்லை. சரஸ்வதி பற்றிய வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘ஊழியர் எல்லா எடைகளையும் நேர்மையாகப் பதிவு செய்துள்ளார், மாதிரிகளை எடுக்கும் முறை சரியாகக் கற்பிக்கப்படவில்லை’ என்று எழுதினேன்.

“முப்பது வருஷப் பேரு சார்,” என்றார் சோமசுந்தரம், மெல்ல.

பேரங்காடி அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. புனலுக்கு மாற்று உறுப்பு வரவழைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சோமசுந்தரம், இனி நான் மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்று மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். என்னை ஒரு பயிலரங்குக்கு அழைத்திருந்த இன்னொரு நிறுவனம், தேதி குறிப்பதாகச் சொன்னது, இன்றுவரை குறிக்கவில்லை. செய்தி பரவியிருக்குமோ, அல்லது அவர்களுக்கு உண்மையாகவே நேரமில்லையோ, அறியேன். இரண்டையும் சமமாக நம்ப முயல்கிறேன்.

பெட்டிகளின் சீட்டுகளை நானே வெந்நீர் தொட்டுச் சுரண்டி எடுத்தேன். சரஸ்வதி தடுத்தார். “விடுங்க சார், நான் எடுக்கறேன், உங்க கைக்கு எதுக்கு?” நான் விடவில்லை. இனிப் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, எண்ணி ஒவ்வொரு இருபதாவது பொட்டலத்தையும் எடுக்க வேண்டும், வந்தது வந்தபடி எழுத வேண்டும் என்று சொன்னேன். குறைந்தால் யாரும் திட்ட மாட்டார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஐயமாக இருந்தால் எனக்கு அழைக்கலாம் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்று எழுதுவதே சரி.

7

அடுத்த ஞாயிறு பேத்தி தன் மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். மகள், “நல்லாப் போகுதுப்பா” என்றாள். கட்டியிருந்த சேலையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் உடுத்தும் சேலை அது. நாள், நேரம், இடம், மூன்றையும் அவர்களே தேர்ந்தெடுத்து எனக்குக் காட்டுகிறார்கள் என்பது அப்போது எனக்குப் புலப்பட்டது. நானும் உறுத்தலை ஒதுக்கிவிட்டு, ஆண்டுக்கணக்காக அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு குடும்பம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று எண்ணியிருக்கிறேன்.

கல்லூரிக் காலத்துச் சமவாய்ப்பு எண் அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்து கண்ணை மூடி விரலை வைத்தேன். எண்ணைக் கிழமையாகவும் மணியாகவும் மாற்றினேன். புதன், பிற்பகல் மூன்று. கமலாவிடம் நூலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ரயில் மாறி, சிறு ரயில் மாறி, கையில் ஒரு பழப்பையோடு பொங்கோலில் பதினோராம் மாடியில் நின்று மணியை அழுத்தினேன். அந்த நேரத்தில் மகள் அலுவலகத்தில் இருப்பாள், பேத்தியைப் பணிப்பெண் பார்த்துக்கொள்வாள் என்பதே எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

கதவைத் திறந்தது சுடர்க்கொடி. பழைய சட்டை, கலைந்த தலை.

“அப்பா? என்ன திடீர்னு? அம்மா ஓகேதானே?” என்றவள், நான் தலையசைத்ததும் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். “ஒரு ஃபோன் பண்ணிட்டு வரக்கூடாதா? வீடு எப்படிக் கெடக்கு பாருங்க.”

சோபா முழுவதும் துவைத்த துணி. பணிப்பெண்ணைக் காணவில்லை. தரையில் படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்த இனியா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“தாத்தா, இன்னைக்கி சண்டே இல்லையே?”

அவள் தானாக என்னிடம் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இல்லை என்றேன். நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு வரைவதைத் தொடர்ந்தாள்.

மகள் காப்பி போடப் போனாள். சமையலறை மேசையில் நான் உட்கார்ந்தேன். இன்று விடுப்பு எடுத்திருப்பதாக அவள் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். சரி என்றேன். நான் நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். என் மகள் அல்லவா? அப்போது என் கைத்தொலைபேசி ஒலித்தது. சரஸ்வதி. ஆலை இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்காது என்பதால் ஒலிபெருக்கியில் வைத்தேன்.

“சார், மழை சார். மூணு மணிக்கு எண்ணி எடுத்தேன். அஞ்சுல மூணு நூத்தித் தொண்ணூறுக்குக் கீழ. புள்ளி கோட்டை விட்டு வெளிய போயிடுச்சு சார்.” குரலைத் தாழ்த்தினார். “அப்படியே எழுதவா, இல்ல வேற அஞ்சு எடுத்துப் பாக்கவா?”

“வேறு எடுக்க வேண்டாம். வந்ததை அப்படியே எழுதுங்கள்.”

“நல்லாவே இல்ல சார் பாக்க.”

“நல்லதாக இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தால் போதும். எழுதிவிட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களை எவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.”

“சரி சார்,” என்றார். பக்கத்தில் யாரிடமோ, “சாரே எழுதச் சொல்லிட்டாரு” என்பது கேட்டது. அழைப்பு முடிந்தது.

சுடர்க்கொடி காப்பியை என் முன்னால் வைத்தாள். யார் என்று கேட்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசையில் சிந்தியிருந்த சர்க்கரையை விரலால் ஒதுக்கினாள். அவள் அடுத்துச் சொன்னதை எழுதலாமா என்று பின்னர் அவளிடம் கேட்டு, சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

“எனக்கு வேலை போயிடுச்சுப்பா,” என்றாள். “அம்மாவுக்குத் தெரியும். உங்ககிட்ட நல்ல செய்தியோட சேத்துச் சொல்லலாம்னு பாத்தேன். நல்ல செய்தி வரவே இல்ல.”

எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டேன்.

“ஏழு.”

அந்த எண்ணை நான் சரிபார்க்கவில்லை.